வலித்தால் எந்த மொழியில் கத்துவாய்?

கதவைத் தட்டுமுன் பூட்ஸில் ஒட்டிய பனியை உதறுவார். பிறகு, ஈரம் பட்டால் நீலமாக எழுதும் மைப்பென்சிலின் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, "உள்ள வரலாமா? உங்களை எண்ணிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்பார். 1921 ஜனவரி முழுக்க வாசா பெச்சார்ஸ்கியின் நாக்கு நீலமாகவே இருந்தது.

யாசெனிக் ஊரின் தபால்காரர். போருக்குப் பின் ஹங்கேரியிடமிருந்து இந்தப் பகுதியைப் பெற்ற, செர்பியர் ஆளும் புதிய ராஜ்யம் முதன்முறையாகக் குடிமக்களை எண்ணியபோது, எந்த வீட்டு நாயும் குரைக்காத ஆள் என்பதால் படிவங்கள் அவரிடம் வந்தன. செர்பியரும் ஹங்கேரியரும் ஜெர்மானியரும் ஒரே தெருவில் வாழும் ஊர். 'தாய்மொழி' என்ற கட்டத்தில்தான் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள்.

"நாயை ஹங்கேரியன்ல திட்டுவேன், குதிரைகிட்ட ஜெர்மன், பொண்டாட்டிகிட்ட செர்பியன். எதை எழுதுவ வாசாண்ணே?" என்றான் வண்டிச் சக்கரம் செய்யும் பேட்டர் கோல்ப்.

"சுத்தியல் விரல்ல விழுந்தா எதுல கத்துவ?"

"ஜெர்மன்ல."

"அப்புறம் என்ன!" ஜெர்மன் என்று எழுதினார்.

வாசா செர்பியர். போர் தொடங்கிய கோடையில் அவருடைய தம்பியை ஹங்கேரியக் காவலர்கள் பிடித்துப் போனார்கள், அவன் திரும்பவில்லை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஹங்கேரியரிடம் கூடுதலாகச் சிரிப்பதும் இல்லை.

நான் அப்போது வட்ட அலுவலகத்தில் நகல் எழுதுபவன். வாசா கொடுத்த படிவங்களில் பதினொன்றை எங்கள் அதிகாரி அவர் முன் தள்ளினார். செர்பியப் பெயர், பேச்சு மட்டும் ஹங்கேரியன் என்ற குடும்பங்கள். அவற்றைச் செர்பியக் கணக்கில் சேர்த்தால் ஹங்கேரியப் பிள்ளைகள் முப்பதுக்குக் கீழே போவார்கள். பள்ளியில் அவர்களுடைய வகுப்பு மூடப்படும்.

"பெத்ரோவிச்னு பேரு. இவ எப்படிய்யா ஹங்கேரியக்காரி? மாத்தி எழுது."

"கட்டத்துல பேச்சைத்தான் கேட்டிருக்கீங்க, ஐயா."

"உனக்கு வேலை நிரந்தரமாகணுமா வேண்டாமா? உன் தம்பியை நினைச்சுப் பாரு."

வாசா மைப்பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். "அவன் பேரை இதுல இழுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை, யாசெனிக்கிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் பனியில் நடந்து, விதவை போர்பாலா பெத்ரோவிச்சையும் அவளுடைய நான்கு பிள்ளைகளையும் அழைத்துவந்து மேசை முன் நிறுத்தினார். "நீங்களே கேட்டு எழுதிக்குங்க, ஐயா."

அதிகாரி குனிந்து, கடைக்குட்டியிடம் செர்பிய மொழியில் பெயரைக் கேட்டார். அவள் விழித்தாள். அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து ஹங்கேரியனில், "இந்த மாமா என்னம்மா சொல்றாரு?" என்றாள்.

அறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது நான்தான். அதிகாரி என்னை முறைத்தார். பிறகு பதினொன்றையும் எழுதியிருந்தபடியே படிவக் கட்டோடு சேர்த்துக்கொண்டார்.

அந்த இலையுதிர்காலத்தில் முப்பத்தொரு பிள்ளைகளோடு ஹங்கேரிய வகுப்பு திறந்தது. வாசாவுக்கு மட்டும், அது நடந்து ஏழாவது ஆண்டான இப்போதும் தினக்கூலிதான். "நடக்கிறது நிரந்தரமாயிருக்கே, போதாதா?" என்கிறார்.

படிவங்களைச் சேர்த்த அன்று அவர்கள் திரும்பிப் போனதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் போர்பாலா நன்றி சொல்ல வாயெடுத்தாள். வாசா கையை வீசி அதைத் தடுத்தார். கடைக்குட்டியின் நனைந்த காலணிகளைக் கழற்றித் தம் கோட்டுப் பைகளில் பைக்கொன்றாகச் செருகினார். தபால் பையைத் தோளிலிருந்து இறக்கி அவளுடைய தாயிடம் கொடுத்துவிட்டு, அந்தத் தோளில் பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, பனிக்குள் நடந்தார்.