வாளியில் முளைத்த கால்கள்

நேற்றைய மழைக்குப் பிறகு எங்கள் வண்டலூர் குடியிருப்பின் பின்புறம் தவளைகள் விடாமல் கத்தின. அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த கிழக்குத் தாம்பரத்து வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டது.

பக்கத்துக் காலிமனையில் தேங்கிய தண்ணீரிலிருந்து நானும் அக்காவும் தலைப்பிரட்டைகளைப் பிடித்து வந்து, பெயின்ட் வாளியில் வளர்த்தோம். வேகவைத்த கீரையைப் போட்டால் மொய்த்துத் தின்னும். வாளியில் பாசி வாடை அடிக்கும். "கொசு வரும்டி, கொட்டிடுங்க" என்பாள் அம்மா.

பின்கால்கள் முளைத்தபோது நாங்கள் குதித்தோம். முன்கால்களும் வந்ததும் அவை தின்பதையே நிறுத்திவிட்டன. செத்துவிடும் என்று எனக்கு அழுகை வந்தது. அக்கா தன் பயாலஜி புத்தகத்தைப் புரட்டிவிட்டு மாடிக்கு ஓடிவந்தாள்.

"சாகாதுடி. வாலு கரையுது பாரு, இப்போ அதுதான் அதுக்குச் சாப்பாடு. செவுள் போயி நுரையீரல் வந்துடும்."

ஆபீஸுக்குக் கிளம்பியிருந்த அம்மா கைப்பையோடு மேலே வந்து வாளிக்குள் குனிந்தாள். "அப்போ தண்ணிக்குள்ளயே இருந்தா மூச்சு முட்டாதா?" என்று கேட்டவள், தானே ஒரு செங்கல்லை எடுத்து உள்ளே சாய்த்து வைத்தாள்.

குட்டை வாலோடு ஒன்று அதில் தொற்றி ஏறி உட்கார்ந்தது. அதன் தொண்டை படபடவென்று துடித்தது. முதல் முறையாகக் காற்றிலேயே இருந்து மூச்சு விடுகிறது. ஸ்டேஷன் பக்கம் அம்மாவின் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை.

சாயங்காலம் அக்கா கேட்டாள்: "லேட்டுக்கு ஆபீஸ்ல என்னம்மா சொன்னே?"

"தவளைன்னு சொன்னேன். யாரும் நம்பல" என்றபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா மாடிக்கு ஓடினாள்.