அக்காவின் பச்சைப் பெட்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேராவது அக்கா தைத்ததை உடுத்தி ஒருமுறை மேடையேறியிருப்பீர்கள். படைவீரனாக, ஆட்டுக்குட்டியாக, பள்ளி ஆண்டு விழாவில் காலிஃபிளவராக. அளவெடுக்கும்போது, "மூச்ச இழுத்துப் புடிக்காத, இருக்கற வயித்தக் காட்டு" என்று அவர் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. பிறப்பிலிருந்து வரிசையாக எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பணி ஓய்வு பெறும் வரை ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். வரிசை எனக்குப் பழக்கம்.

அக்கா பாரூர் ஏரிக் கால்வாய் ஓரத்தில் உள்ள எங்கள் ஊரில் பிறந்தார். அப்பா மதகு திறந்து மூடும் வேலையில் இருந்தார். வீட்டில் அக்கா மூத்தவர், நான் கடைசி. இடையில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தி, கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் சேர்த்தார்கள். அவருக்கு நிறுத்திய படிப்பு எனக்கு வந்தது. இதைத் தியாகம் என்று எழுதுவது நினைவு மலர்களின் மரபு. அன்று யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. அதனால் நான் அந்தச் சொல்லை எழுதவில்லை.

திருமணமாகி ஓசூருக்கு வந்தார். மாமா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இரும்பு அடிக்கும் பிரிவில் இருந்தார். மகள் மேரி பள்ளியில் சேர்ந்த புதிதில், வேலைக்குப் போன மாமா வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதன்பின் அக்கா அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கத்து ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தையல் வேலைக்குப் போனார். அங்கே அவருக்குச் சட்டையின் இடது கை மட்டும்தான். வலது கை வேறொருவருடையது, காலர் இன்னொருவருடையது. முழுச் சட்டையை அவர் பார்த்ததே இல்லை.

"பகலெல்லாம் யார் யார் கையோ தெக்கறன்டா. ஒரு ஆள முழுசா தெச்சிப் பாக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். வேடத் துணி தைக்கத் தொடங்கியது அப்படித்தான்.

அதற்குத் துணி வேண்டும். வேடம் என்பது திடீரென்று வருவது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வரும், திங்கட்கிழமை மயில் வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் கடைக்கு ஓடுகிறவருக்கு மயில் அமையாது என்பது அக்காவின் கணக்கு. அதனால் வீட்டின் பின்னறை துணிக்கென்று ஒதுக்கப்பட்டது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கட் பீஸைக் கிலோவுக்கு விற்கும் ரஹீம் பாய், ஆடைக் கம்பெனிகளின் மிச்சம் வந்ததும் முதலில் அக்காவுக்குத்தான் சொல்லி அனுப்புவார். "அக்கா, இத எதுக்கு வாங்கறீங்க?" என்று அவர் கேட்டால், "அது துணி சொல்லும் பாய், நான் என்ன சொல்றது" என்பார். கல்யாண மண்டபத்தின் பழைய திரை, கிழிந்த குடைத் துணி, கார் இருக்கை தைக்கும் கம்பெனியில் கழித்துப் போட்ட ரெக்சின், எல்லாம் வந்தன. ரெக்சினில் செய்த கவசத்தைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊரில் சிலுவைப்பாட்டை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் ரோமாபுரி வீரர்கள் நின்றார்கள். அடுத்த மாதம் அதே கவசம் அஞ்செட்டிக்குப் பேருந்தேறி, நாட்றாம்பாளையம் பக்கத்துக் கூத்தில் ராஜாவின் மார்பில் ஏறியது. இரண்டு ஊரிலும் யாரும் குறை சொல்லவில்லை.

உள்ளே நுழையும் எந்தத் துணியும் முதலில் துவைக்கப்பட வேண்டும். சுருங்குவது தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும் என்பார். பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. மயிர் கருகிய நாற்றம் வந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். இந்தச் சோதனை முடியாமல் எதுவும் பெட்டிக்குள் போகாது. நான் என் தொழில் பெருமையில், நிறம் வாரியாக அடுக்கி எண் போட்டுத் தருவதாகச் சொன்னேன். நெடுநாள் கை படாத சரக்கைக் கழித்துவிட வேண்டும் என்ற விதியையும் எடுத்துச் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, துணியில் நாலே ஜாதிதான் என்றார். நிற்கிறது, விழுகிறது, ஒட்டுகிறது, பறக்கிறது. ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் உள்ளே இருப்பதிலிருந்து ஒரு துண்டு தைத்துத் தொங்கும். அறைக் கதவைத் திறந்தால் அத்தனை துண்டுகளும் அசையும். பழகாதவர்கள் ஒரு அடி பின்வாங்குவார்கள். நானும் பழகிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இனிப் பச்சைப் பெட்டி.

மாமாவை அடக்கம் செய்த அன்று, உறவினர்கள் உடல்மேல் போட்ட கோடி வேட்டிகளைச் சவப்பெட்டி மூடுமுன் எடுத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். அவற்றை எடுத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை, எறியவும் துணியவில்லை. இரண்டு மழை பார்த்தும் அவை கொடியிலேயே கிடந்தன. பிறகு அக்கா எடுத்துத் துவைத்து மடித்து வைத்தார். அந்த வருடம் பாஸ்காவில், செத்து நான்காம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறவருக்குச் சுற்றத் துணி போதவில்லை என்று நாடக வாத்தியார் சின்னப்பன் வந்து நின்றார். அக்கா மாமாவின் கோடியை நீள நீளமாகக் கிழித்தார். புதுவெள்ளை கண்ணை உறுத்தும் என்று கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கினார். கரையை மட்டும் அப்படியே விட்டார். மேடையில் ஆள் எழுந்து வந்ததும், கூட்டத்திலிருந்த மேரி, "அப்பாவுது" என்றாள். அழவில்லை. தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோலச் சொன்னாள்.

அடுத்த வருடம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோடிச் சேலை வந்தது. அதற்கடுத்த வருடம் மூன்று. கொடுக்கிறவர்கள் வாசலில் நின்று, "நீயே வெச்சிக்க அக்கா" என்று மட்டும் சொல்வார்கள். எதற்கென்று சொல்வதில்லை. எல்லாம் அந்தப் பச்சைத் தகரப் பெட்டிக்குள் போயின. அந்தத் துணி வேறு எந்த வேடத்துக்கும் வராது. ராஜா கேட்டாலும் கிடையாது. எழுந்து வருகிறவருக்கு மட்டும். வருடா வருடம் அவர் உடம்பில் சுற்று கூடிக்கொண்டே போனது. நாடகத்தில் அவரைச் சுற்றிய துணியை மற்றவர்கள் ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். ஒவ்வொரு கரை வெளிச்சத்துக்கு வரும்போதும் கூட்டத்தில் ஒரு வீடு அசையும். நீலக் கரை அவிழ்ந்தால் வலப்பக்கம், அரக்குக் கரைக்குப் பின்வரிசை. என் மனைவியுடையது மாம்பிஞ்சுக் கரை. எனக்கு நாடகம் பிடிக்காது. ஆனாலும் எந்த வருடமும் போகாமல் இருந்ததில்லை.

ஓசூர் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் இறங்கும்போதெல்லாம் பின்னறைத் தகரப் பெட்டிகளின் மூடிகள் லேசாக அதிரும். பச்சைப் பெட்டி மட்டும் அதிராது. கனத்த பெட்டி அதிராது, அது எடையின் இயல்பு. இதை அக்காவிடம் விளக்கினேன். "சரிடா" என்றார்.

பஞ்சுத் தூசியோ வேறெதுவோ, கடைசியில் அக்காவுக்கு மூச்சுத்தான் எதிரியானது. ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்தபடி ஆட்டுக்குட்டிகளுக்குக் காது தைத்தார். ஒரு மாலை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறந்த வீட்டுக் கோடி நான்தான் போட வேண்டும். வேறு யாரும் இல்லை.

"எனக்குப் போடறதக் குழில விட்டுடாத. பெட்டிக்குப் போவணும். உங்க மாமா துணிக்கு அடுத்தாப்பல சுத்தச் சொல்லு" என்றார். "பட்டு எடுக்காதடா. பருத்தியா பாத்து எடு. பட்டு வழுக்கும்."

"உனக்கு வழுக்கினா என்னக்கா இப்ப?"

"எனக்கில்லடா. எழுந்திரிக்கறவனுக்கு."

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அக்கா அடங்கிய நாளில் செய்ய வேண்டியவை எல்லாம் எனக்குத் தெரியும். மருத்துவரின் சான்று, பங்குப் பதிவேடு, கல்லறைத் தோட்டத்து அனுமதி, குளிர்பெட்டி, ஊருக்கு வண்டி, எல்லாவற்றையும் முறையாக முடித்தேன். வழியில் கிருஷ்ணகிரியில் ஒரு ஜவுளிக்கடையில் இறங்கி, வெள்ளையில் ஊதாக் கரை போட்ட சேலை எடுத்தேன். பருத்திதானா என்று கேட்டேன். விற்பனையாளர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அக்காமேல் போர்த்தினேன். சவப்பெட்டி மூடுமுன் மேரி அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து துணியறையைத் திறந்தோம். வசம்பு வாசம் முகத்தில் அடித்தது. ஆணியில் ஒற்றைச் சிறகு தொங்கியது. மற்றொன்று மெஷினில் ஊசிக்கடியில் பாதியில் நின்றிருந்தது. மேரி சேலையைத் துவைத்துக் காயவைத்து, ஓரத்திலிருந்து ஒரு நூல் உருவினாள். வேறு யார் துணியாக இருந்தாலும் அவள் அம்மா அப்படித்தான் செய்திருப்பார். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினாள். நூல் சுருண்டு, உருகி, கறுப்பு மணியானது.

என் பணிக்காலம் முழுவதும் உள்ளே வந்த சரக்கைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று ஒரு சத்தியத்தை நம்பியிருக்கிறேன்.

"வேற எடுக்கலாமா மேரி?"

"வேற எடுத்தா அது அம்மா மேல கெடந்த துணி இல்லியே மாமா."

கடுக்காய்த் தண்ணீரில் போட்டோம். பாலியஸ்டர் சாயம் குடிக்காது. எடுத்தபோதும் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி போட்டோம். தண்ணீர்தான் கறுத்தது. மேரி அதைக் கிழிக்காமல், அகலமாக நான்காய் மடித்து, பச்சைப் பெட்டியில் தன் அப்பாவின் துணிக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். அன்று பட்டறையில் பிரஸ் இறங்கியபோது அந்தப் பெட்டியின் மூடி அதிர்ந்தது. இடம் மாற்றி அடுக்கினால் எடை மாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருட பாஸ்காவில் எழுந்து வருகிறவர் ஜான், ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சாமான்கள் வைக்கும் கொட்டகையில் அவரை நிற்கவைத்துச் சுற்றினோம். அடியில் மாமாவின் துணி, அதன்மேல் அக்காவின் சேலை. சேலையைத் தோளில் முடிச்சிட்டோம். அதற்குமேல் மற்றவர்கள். சின்னப்பன் வெள்ளையைப் பார்த்ததும், "இது வழுக்குதே" என்றார். "உள்ள இருக்கறதுதான, தெரியாது" என்றேன். அடியில் வழுக்கினால் மேலே சுற்றியது எதுவும் நிற்காது என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்ததும் அந்தக் காட்சி வந்தது. குகைக்குள்ளிருந்து ஜான் வெளியே வந்து நின்றார். அவிழ்க்க இருவர் நெருங்கினார்கள். அவர்கள் கை படுவதற்கு முன்பே, மார்பிலிருந்து முதல் சுற்று இறங்கியது. பிறகு இடுப்பு. பிறகு எல்லாம் ஒன்றாக. நீலம், அரக்கு, மாம்பிஞ்சு, ஊரின் அத்தனை கரைகளும் சத்தமில்லாமல் அவர் காலடியில் குவிந்தன. தோள் முடிச்சில், மாமாவின் துணிக்கு மேல், அக்காவின் வெள்ளை மட்டும் நின்றது. மேடைக் காற்றாடியின் காற்றில் அது அகலமாக விரிந்து பறந்தது. அக்கா அந்தத் துணியை எந்த மூட்டையில் போட்டிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது.

சின்னப்பன் திரையை இழுக்கச் சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறிக் குவியலில் தேடி, தன் வீட்டுக் கரையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அடுத்து இன்னொருவர். இத்தனை வருடமும் தூரத்திலிருந்து பார்த்ததை அன்று தொட்டார்கள். நான் எப்போது மேடையேறினேன் என்று எனக்குத் தெரியவில்லை. மாம்பிஞ்சுக் கரை என் கையில் இருந்தது. மடிக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

நாடகம் முடிந்தபின் ஜானிடம் கேட்டேன்.

"நான் அசையவே இல்லீங்க சார். உள்ளருந்து யாரோ இழுத்து வுட்டாப்பல இருந்துச்சு."

காரணம் பாலியஸ்டர். கேட்டால் எழுதியே கொடுப்பேன். அடுத்த வருடம் பருத்தி மாற்றிவிடலாமா என்று மேரி ஊராரிடம் கேட்டாள். மாற்றினால் தங்கள் வீட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றார்கள் பெண்கள். சேலை பெட்டியில் இருக்கிறது. துணியறையும் அப்படியே இருக்கிறது. சிறகின் மறுபாதியை மேரி தைத்துவிட்டாள்.

அக்காவின் கடைசி நாட்களில் மூச்சுக்குத் துணைநின்ற மருத்துவருக்கும் செவிலியருக்கும், அடக்கத்தை நடத்திவைத்த பங்குத் தந்தைக்கும், கட் பீஸ் மூட்டைமேல் உட்கார்ந்து ஒருநாள் முழுக்கக் கடையைத் திறக்காமல் இருந்த ரஹீம் பாய்க்கும், சின்னப்பனுக்கும் ஜானுக்கும், கோடிகளை நம்பி ஒப்படைத்த எல்லா வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கிருஷ்ணகிரியில் பாலியஸ்டரைப் பருத்தி என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்த அந்த விற்பனையாளருக்கும் நன்றி. அவர் பெயர் தெரியாது. அவர் வீட்டில் யாருடைய துணியாவது கொடியில் கிடந்து, எடுக்கவும் எறியவும் மனமில்லாமல் இருந்தால், ஓசூருக்குக் கொண்டுவரட்டும். பச்சைப் பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது.