தலைக்கு எண்ணெய், நெஞ்சில் ஈரம்

வேலாயுதத்தின் கோபம் சிங்கப்பூர் ஈசூனில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக் முழுக்கப் பிரசித்தம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கப்பல் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை அது. மனைவி சரஸ்வதிக்கு ரத்தப் புற்றுநோய் வந்த பிறகு அதற்கு ஓய்வே இல்லை.

மருந்து ஏற்றுவதற்காக அவள் நெஞ்சில் ஒரு மெல்லிய குழாயைப் பதித்திருந்தார்கள். அதன் உள்முனை இருதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, தோலில் அது வெளியே வரும் இடத்தில் கிருமி புகுந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று நர்ஸ் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருமே வேலாயுதத்துக்கு எதிரிகள். "முதல்ல கையைக் கழுவுலா!" என்று வாசலிலேயே மறிப்பார். குழாய் வெளியே வரும் இடத்தில் போட்ட கட்டை மாற்றுவது அவர்தான். கையுறை போட்டு, மருந்தால் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி முடிக்கும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

1988 தீபாவளி. காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு திரும்பியவரை வீட்டுக்குள் சீயக்காய் வாசனை எதிர்கொண்டது. புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காள் முத்தாயி, சரஸ்வதிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி முடித்திருந்தார். முடியெல்லாம் கொட்டிப்போன தலை மினுமினுத்தது. நெஞ்சில் கட்டு நனைந்து தொங்கியது.

"உனக்கு அறிவிருக்காக்கா? இவளைக் கொல்லத்தான் வந்தியா?"

"நல்ல நாள் தம்பி. தலைக்குத்தான் ஊத்துனேன், கட்டு மேல படும்னு நினைக்கல..."

"வெளியே போ!"

முத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கொண்டுவந்த முறுக்கு டின் மேசையிலேயே கிடந்தது.

வேலாயுதம் கையுறை மாட்டி ஈரக் கட்டைப் பிரித்தார். வாய் மட்டும் ஓயவில்லை. இவளுக்குக் காய்ச்சல் மட்டும் வரட்டும், அப்புறம் அக்காளாவது தம்பியாவது!

"அண்ணியைத் திட்டாதீங்க. நான்தான் கேட்டேன்," என்றாள் சரஸ்வதி.

அவர் கை நின்றது.

"நீங்க இந்தக் குழாயைத்தான் தொடுறீங்க. அதுவும் கிளவுஸ் போட்டுக்கிட்டு. என்னை யாரும் தொட்டே எவ்வளவு நாளாச்சு?"

"அதை என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"சொன்னா கத்துவீங்களே."

புதுக் கட்டை ஒட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்தார். அவர்மேலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வெறுங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார். சுடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது. கையை எடுக்கவில்லை.

"அண்ணிக்குப் போன் போடுங்க."

"போடுறேன்," என்று உறுமினார். "கையைக் கழுவிட்டு வரச் சொல்றேன்."