கேண்டீன் பக்கம்

காளியம்மா எதையும் இழுத்தடிக்கிறவள் இல்லை. பாலோ தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டப் போகிறார்கள் என்று அறிவித்த வாரமே சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தவள். புருஷன் குடியை விடமாட்டான் என்று தெரிந்த நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு தனியே புந்தோங்கில் அடுக்குமாடி வீடு பார்த்தவள். ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் இருபது வருஷமாக வேலை. கறை போகும் துணி எது, போகாத துணி எது என்று கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஐம்பத்தொரு வயது வரைக்கும் அவளைக் குழப்பிவிட்டவர் யாருமில்லை. கடைசியில் குழப்பியது ஒரு ஹாக்கிக் குழு.

ஹாக்கிக்கு அவள் வந்ததே மழையால்தான். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பேய்மழை பிடித்துக்கொள்ள, திறந்திருந்த அரங்கத்துக்குள் ஓடினாள். கூரை இருந்தது கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த படிக்கட்டுக்கு மட்டும்தான். அங்கே உட்கார்ந்தாள். ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கோல்கீப்பர் புரிந்தான். பத்துப் பேர் ஓடுகிறார்கள், ஒருவன் மட்டும் நின்ற இடத்தில் நின்று அடி வாங்குகிறான். அடுத்த வாரம் மழை இல்லாமலே போனாள்.

அப்படியே கிந்தா ரேஞ்சர்ஸ் குழுவுக்கு அவள் ‘காளிக்கா’ ஆனாள். கோல்கீப்பர் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம் போய் உட்காருவாள்; இடைவேளையில் இடம் மாறினால் அவளும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மறுகோடிக்கு நடப்பாள். இடது, வலது என்று கத்தமாட்டாள். எதிரும் புதிருமாக நிற்கிறவர்களுக்கு யாருடைய இடது, யாருடைய வலது? அரங்கத்தின் ஒரு புறம் கேண்டீன், மறுபுறம் பெரிய ரோடு. அதனால் ‘கேண்டீன் பக்கம்!’, ‘ரோட்டுப் பக்கம்!’ என்பாள். ஆட்டக்காரர்களுக்கும் அந்தப் பேச்சுப் பழகிவிட்டது.

போன வருஷம் ரேஞ்சர்ஸ் லீக் கோப்பையை வென்றது. லாரியில் கோப்பையை வைத்து ஊரைச் சுற்றி வந்தபோது, கோல்கீப்பர் தனேஷ் லாரியை நிறுத்தச் சொல்லி, காளியம்மாவைக் கைகொடுத்து மேலே தூக்கிவிட்டான். அவள் பொதுவாகக் கூச்சப்படுகிறவள். அன்றைக்குப் படவில்லை.

இந்த வருஷம் நடப்புச் சாம்பியன் என்ற பட்டத்தோடு இறங்கிய முதல் ஆட்டத்திலேயே பூஜ்யத்துக்கு ஐந்து. ஏதோ கெட்ட நேரம் என்றார்கள். இரண்டாவதில் ஒன்றுக்கு நான்கு. மூன்றாவதுக்கு வந்த கூட்டம் பாதி. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தலைநகரில் இருந்த ஒரு குழு நிரந்தர வேலை தருகிறோம் என்று சொல்லி, நான்கு பேரை ஒரே மாதத்தில் அழைத்துக்கொண்டது. அதில் ஒருவன் தனேஷ். பயிற்சியாளரும் போய்விட்டார். புதிய ஆதரவாளர் வந்து பச்சைச் சட்டையை ஆரஞ்சாக மாற்றினார். பழைய ஆட்களில் மிஞ்சியவன் குழுத்தலைவன் முகுந்தன் ஒருவன்தான் என்று சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை, பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியவளை மகள் பிரமிளா கதவருகில் நிறுத்தினாள்.

“அம்மா, நான் ஒண்ணு கேக்கவா? நீ யாருக்குச் சப்போர்ட் பண்ணுறே?”

“இது என்ன கேள்வி? ரேஞ்சர்ஸுக்கு.”

“அதான் லா கேக்குறேன். தனேஷ் இல்ல. கோச் இல்ல. சட்டைக் கலர்கூட மாறிடுச்சு. அந்தப் பேர விட்டா என்ன மிச்சம்?”

காளியம்மா செருப்பை மாட்டினாள். “நேரமாச்சு, வாரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அன்று முழுக்க அந்தக் கேள்வி செருப்புக்குள் விழுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது. ஆரஞ்சுச் சட்டைகளைப் பார்த்தாள். புதிய கோல்கீப்பர் நல்ல பையன்தான். அவன் எந்தப் பக்கம் சாய்கிறவன் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆறு கோல் வாங்கினான்.

ஆதரவாளர்களுக்குள்ளும் சண்டை. கொட்டு அடிக்கும் சீனி கோபக்காரன். மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் எல்லாரும் எழுந்து வெளியே போக வேண்டும், அப்போதுதான் நிர்வாகத்துக்குப் புத்தி வரும் என்று ஒருநாள் ஏற்பாடு செய்தான். காளியம்மாவுக்கும் அது சரி என்றே பட்டது. எழுந்தாள். வாசல் வரை போனாள். சீனியிடம், “நீ சொல்றது நியாயம்தான் தம்பி” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வெற்றுப் படிக்கட்டில் அவளோடு மிஞ்சியிருந்தவர் இராசையா மட்டும்தான். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். கை தட்டமாட்டார், கத்தமாட்டார், ஆனால் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை.

“நீர் போகேல்லையா?” என்றார்.

“போனேன் ஐயா. வந்துட்டேன்.”

“ம்” என்றார் அவர். அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கும் விளக்கம் தெரியாது போலிருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசி ஆட்டம் வந்தது. அட்டவணையில் ரேஞ்சர்ஸ் கடைசி இடத்தில் கிடந்தது. ஜெயித்தால் தப்பலாம். சமன் செய்தாலும் தோற்றாலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். எதிரே வந்தது தனேஷைக் கொண்டுபோன தலைநகர்க் குழு.

விஷயம் தெரிந்து பழைய கூட்டமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆதரவு தருவதைவிட தனேஷைக் கூவி விரட்டுவதில்தான் அவர்களுக்கு ஆசை. பந்து அவன் காலில் பட்டாலே “ஊ...” என்று கத்தினார்கள். சீனி கொட்டை அடித்து நொறுக்கினான். காளியம்மாவும் ஒருமுறை வாயைக் குவித்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

முதல் பாதியில் ரேஞ்சர்ஸ் கீப்பருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் குழுக்கள் பக்கம் மாறின. வழக்கப்படி அவள் மறுகோடிக்கு நடக்க வேண்டும். பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். கால் நகரவில்லை. அதற்குள் தனேஷ் வந்து அவளுக்கு நேர் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தங்கள் ஆட்கள் இந்தக் கோலை நோக்கித்தான் அடிக்கப் போகிறார்கள் என்பதால் சீனியும் மற்றவர்களும் இந்தப் பக்கமே வந்து குவிந்தார்கள். ஆகவே அவள் அங்கேயே இருந்ததை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. கோலுக்குள் போக இருந்த பந்தை எதிரணித் தடுப்பாட்டக்காரன் உடம்பால் நிறுத்திவிட்டான். நடுவர் கையை நீட்டிப் புள்ளியைக் காட்டினார். பெனால்டி ஸ்ட்ரோக். அடிப்பவன் ஒருவன், தடுப்பவன் ஒருவன், நடுவே வேறு யாருமில்லை.

முகுந்தன் பந்தைப் புள்ளியில் வைத்தான். அவன் எங்கே அடிப்பான் என்பது காளியம்மாவுக்குத் தன் வீட்டு வாசல்போலத் தெரியும். இந்தப் பக்கத்துக் கோலில் எப்போதும் கேண்டீன் பக்கம், இடுப்பு உயரம். எத்தனை பயிற்சி ஆட்டத்தில் பார்த்திருக்கிறாள்! தனேஷ் கோட்டின் மேல் நின்று முழங்காலை மடக்கினான். அவன் முதுகு, தோள், தலைக்கவசம். எட்டு வருஷமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த முதுகு.

கூட்டம் மூச்சை அடக்கிய அந்த நொடியில் ஒரு குரல் எழுந்தது.

“கேண்டீன் பக்கம்!”

அது தன் குரல்தான் என்று அவளுக்கு உறைப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. முகுந்தன் தள்ளினான். பந்து கேண்டீன் பக்கம் பறந்தது. தனேஷும் அங்கேதான் பறந்தான். அவன் கையுறையில் பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே தெறித்தது.

சமன். போன வருஷத்துச் சாம்பியன் இரண்டாம் பிரிவுக்குப் போய்விட்டது.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீனி கொட்டின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதான். காளியம்மாவின் கையிலிருந்த பொட்டலம் நசுங்கி, மிளகாய்ச் சம்பல் விரலெல்லாம் வழிந்திருந்தது. இராசையா மட்டும் கைக்குட்டையை நீட்டினார்.

“ஐயா, நீங்க கேட்டீங்களா?”

“கேட்டது.”

“நான் ஏன் அப்பிடிக் கத்துனேன்?”

“அதை என்னட்டைக் கேட்டால்?” என்றார் அவர். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வேலி ஓரமாகக் காத்திருந்தாள். தனேஷ் கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தான். பழைய சிநேகிதர்களைக் கீழே இறக்கியவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“காளிக்கா, சாப்டீங்களா?”

“அத விடு. அந்த ஸ்ட்ரோக் நேரம் உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?”

“ஹெல்மெட் போட்டா ஒண்ணும் கேக்காது லா அக்கா. முகுந்தன் எங்க அடிப்பான்னு எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தான். மற்ற ஆட்டங்களில், இதே கவசத்தோடு, அவள் சொன்னதைக் கேட்டுக் கை அசைத்திருக்கிறானே? உண்மை சொல்கிறானா, தனக்காகப் பொய் சொல்கிறானா? அவள் கேட்பதற்குள் அவனைப் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதற்குப் பின் மூன்று வாரம் அவள் அவளாக இல்லை. வெள்ளைப் படுக்கை விரிப்புகளோடு சமையல்காரர் துண்டுகளைப் போட்டு மொத்தத்தையும் மஞ்சளாக்கினாள். இருபது வருஷத்தில் முதல் தடவை. மேற்பார்வையாளர் “உடம்பு சரியில்லையா அக்கா?” என்று கேட்டார். துரோகம் செய்தவள் எப்படி இருப்பாள், செய்யாதவள் எப்படி இருப்பாள் என்று தெரிந்தால்தானே உடம்பைப் பற்றிச் சொல்ல முடியும்?

கடைசியில் பழைய காளியம்மா தலையெடுத்தாள். உள்ளே வைத்துப் புழுங்குவதைவிடப் போய்ச் சொல்லிவிடுவது மேல். மெங்லெம்புவில் முகுந்தன் வேலை பார்க்கும் மோட்டார் பட்டறைக்குப் பஸ் பிடித்துப் போனாள். அவன் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

“தம்பி, அன்னிக்கு ‘கேண்டீன் பக்கம்’னு கத்துனது நான்தான்.”

“தெரியும் அக்கா. உங்க குரல் எனக்குத் தெரியாதா?”

அவள் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்க வந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது அவனே பேசினான்.

“நான் அன்னிக்கு ரோட்டுப் பக்கம் அடிக்கத்தான் நின்னேன். தனேஷுக்கு என் பழக்கம் தெரியும்ல, மாத்தி அடிக்கலாம்னு. அப்பத்தான் உங்க குரல் கேட்டுச்சு. அக்கா பின்னால இருந்து பாக்குறாங்க, அவன் ரோட்டுப் பக்கம் சாயறது தெரிஞ்சிருக்கு, அதான் எனக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். கை தானா கேண்டீன் பக்கம் போயிடுச்சு.” துணியில் கையைத் துடைத்தான். “நீங்க எனக்கு நல்லதுதான் சொன்னீங்க. அவன் முந்திக்கிட்டான். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.”

காளியம்மா பக்கத்திலிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த இடத்தில் அவள் கையில் நன்றியைக் கொடுக்கிறானே! பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அன்றைக்குப் பெயர் சொல்லிக் கத்தவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தனேஷுக்குச் சொன்னதாக அவளே இத்தனை நாள் நினைத்திருந்தாள். இவன் சொல்வதைக் கேட்டால் அதுவும் நிச்சயமில்லாமல் ஆகிறது. அந்த முதுகு ரோட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்ததா? சாய்ந்தது போலவும் இருக்கிறது, இல்லை போலவும் இருக்கிறது.

“தம்பி, பொய் சொல்ல எனக்கு வராது” என்றாள். “யாருக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. அவனுக்கா, உனக்கா... சத்தியமாத் தெரியல. அதத்தான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

முகுந்தன் கை துடைத்த துணியைத் தோளில் போட்டான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் முகத்தில் இருந்தது கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை. பிறகு மூக்கைச் சொறிந்துகொண்டு, “அடுத்த சீசன் மொத மேட்ச் பாரிட் புந்தார்ல. பள்ளிக்கூடத்துப் பாடாங், வெறும் புல்லுத் திடல். வருவீங்கல்ல?” என்றான்.

“கூப்பிடுறியா?”

“வேற யாரு வருவா?”

பாரிட் புந்தாருக்கு இராசையாவின் பழைய காரில் போனார்கள். இருபுறமும் வயல், தண்ணீர் கட்டி நாற்று நட்டிருந்தார்கள். அங்கே படிக்கட்டும் இல்லை, கூரையும் இல்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆரஞ்சுச் சட்டைகளில் பாதிக்கு மேல் புது முகங்கள். இனி வரமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த சீனி, கொட்டோடு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தான். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எட்டாவது நிமிஷத்தில் ரேஞ்சர்ஸுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக். முகுந்தன் பந்தை வைத்தான். காளியம்மா சட்டென்று உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா, பல் வலியா?” என்றான் சீனி.

பொத்திய கையை எடுக்காமலே ஆமாம் என்று தலையாட்டினாள். விசில் ஊதியது. பந்து வலைக்குள் போனது. சீனி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தான். எதிரணிக் கோல்கீப்பர், யாரோ பெயர் தெரியாதவன், புல்லில் குப்புறக் கிடந்தான். அவன் எழுந்துவிட்டானா என்று பார்த்துக்கொண்டே காளியம்மா கை தட்டினாள்.