திருப்பிப் பார்த்த தரை

ரங்கூனில் நான் குளித்த முதல் நாள், குளியலறைத் தரை என்னைத் திட்டியது. ஒரு சொம்பு தண்ணீர்தான் ஊற்றியிருப்பேன். காலடியிலிருந்து ஒரு பெண்குரல் பர்மிய மொழியில் நீளமாக ஏதோ சொல்லிற்று. குனிந்து பார்த்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து. அந்தச் சந்தில் ஒரு கண். ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. நம் காஞ்சிபுரத்தில் தரைக்குக் கீழே மண்தான் உண்டு. குளித்த தண்ணீர் கொல்லை வாழைக்கு ஓடும்; வாழை ஒன்றும் சொல்லாது. இங்கே வீடே மரம். மாடியில் நான், கீழே வீட்டுக்கார அம்மாள் மா டின். அவர் நாலு பெண்களை உட்காரவைத்துச் சுருட்டுச் சுற்றி விற்கிறவர். நான் ஊற்றிய தண்ணீர் அவருடைய புகையிலையில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து குளிக்குமுன் தரையை மூன்று தடவை தட்டுவேன். கீழே பெண்கள் முறங்களைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். இப்படியே இரண்டு வருஷம் குளித்தேன். இங்கே இருக்கிற நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்யாணமான இருபதாம் நாள், அரிசி மில் ஆபீசில் கிளார்க்கு வேலைக்கென்று கப்பலேறியவன். கடிதம் எழுதினால் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்று நம்புகிறவன். அதனால் மனைவி பர்வதத்தை அழைத்துக்கொள்ள மாமனாருக்கு எழுதியபோது வீட்டை முழுக்க வர்ணித்தேன். இரண்டு அறை, ஆற்றுக்காற்று, குளியலறைத் தரையில் ஒரு விரல் சந்து, கீழே சுருட்டுக் கடை, எதையும் விடவில்லை. மாமனாருக்குப் படிக்கத் தெரியாது என்பதை யோசிக்கவில்லை. எங்கள் நெசவாளர் பேட்டையான பிள்ளையார்பாளையத்தில் தபால்காரர்தான் படித்துச் சொல்வார். அதுவும் தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, தெருவுக்கே கேட்கிறமாதிரி. பதிலையும் அவரே எழுதினார், மாமனார் வாயிலிருந்து வந்ததை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல்: "எம் பொண்ணு தண்ணி ஊத்திக்கினு நிக்கசொல்ல கீழ நாலு பேரு சுருட்டு சுத்திக்கினு இருப்பாங்களா? தரைய மூடுங்க மாப்பிள்ளே. அங்க இருக்கிற நம்ம கன்னியப்பன் வந்து பாத்துட்டு சரின்னு எழுதணும். அப்புறமா அனுப்பறேன்."

தை மாதக் கடைசியில் எங்கள் தெருக் குடும்பம் ஒன்று ரங்கூனுக்குக் கப்பலேறுகிறது. பர்வதம் அவர்களோடு வந்தால் உண்டு. எங்கள் தெருவில் பெண்ணைத் தனியாகக் கடல் தாண்ட விடமாட்டார்கள். அடுத்த துணைக்கு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இருபது நாள் பார்த்த முகம். மூன்று வருஷமானால் கப்பல் துறையில் எனக்கு அடையாளம் தெரியுமா என்றே பயமாக இருந்தது.

உடனே போய் நீலத் தாமரை போட்ட சிமெண்ட் கல் வாங்கிவந்தேன். இருக்கிற பலகைமேல் கல்லைப் பதித்துவிட்டால் சந்து மறைந்துவிடும் என்பது என் கணக்கு. அழைத்து வந்த சீனத் தச்சருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. அவர் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் பலகையை அழுத்தினார். களியில் இறங்குவதுபோல் விரல் இறங்கிற்று. பிறகு ஒரு கல்லை உயரத் தூக்கி, விழுவதுபோல் காட்டி, கீழே மா டின்னின் தலை இருக்கும் இடத்தைச் சுட்டினார். புரிந்தது. ஊறிப்போன பலகைகளை எடுத்து, கீழே தாங்குகிற சட்டங்களில் இரண்டை மாற்றி, புதுத் தேக்குப் பலகைகளைச் சந்தில்லாமல் நெருக்கி அடித்து, இடுக்கில் தார் ஊற்றி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் தூளும் பரப்பிய பிறகே கல். கண்ணுக்குத் தெரிகிற கல்லுக்கு ஒரு நாள் வேலை. தெரியாத அடித்தளத்துக்கு ஒரு வாரம்.

பழைய பலகைகளைப் பெயர்த்த அன்று மா டின் அண்ணாந்து பார்த்து, கைகூப்பி, ஒரு சுருட்டை என்னிடம் நீட்டினார். தட்டுவதற்குப் பதிலாக இனி மரியாதையாக நேரில் பேசுவதற்குத்தான் நான் தரையைத் திறந்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருந்ததை இரண்டு நாள் கழித்தே அறிந்தேன். நான் புகைப்பதில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

தச்சருக்குப் பலகை பிடித்துக் கொடுக்க உட்கார்ந்தேன். நம்மூரில் பிறந்தவன் தரையில் சதுரமாக ஒரு பள்ளத்தைப் பார்த்தால் எப்படி உட்காருவான்? காலைத் தொங்கவிட்டுத்தான். அப்பா சாப்பிட எழுந்ததும் நான் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து பாடம் எழுதுவேன். கை எழுதும், கால் அதுபாட்டுக்குத் தறியின் மிதிகட்டையைத் தேடும். இங்கேயும் அதே கதையாயிற்று. சற்றுநேரத்தில் கீழே பெண்கள் கூச்சலிட்டார்கள். என் இரண்டு பாதங்களும் அவர்கள் தலைக்குமேல் இடம் வலமாக மிதித்துக்கொண்டிருந்தன. தலைக்குமேல் கால் வருவது இந்த ஊரில் பெரிய அவமரியாதை. மா டின் பெண்களை ஒரு பக்கமாக நகர்த்தி உட்காரவைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், கால் கேட்கவில்லை.

சுவரோரத்திலிருந்து பலகைகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒரேயொரு பலகையின் இடம் பாக்கியிருக்கையில் தச்சர் உளிகளைத் துடைத்துக் கட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். சீனர்களுக்கு வருஷப் பிறப்பாம். பதினைந்து நாள் உளி தொடமாட்டார். ஆபீசுக்கு ஜனவரியில் வருஷம் பிறந்தாயிற்று. மா டின்னுக்கும் எனக்கும் சித்திரையில் பிறக்கும். தச்சருக்கு இன்றைக்குத்தான் பிறக்க வேண்டுமா?

மறுநாளே கன்னியப்ப மாமா வந்து நின்றார். மாமனாருக்குப் பங்காளி, பதினைந்து வருஷம் தறியில் உட்கார்ந்துவிட்டு, இப்போது துறைமுகத்தில் மூட்டைக்கு மேஸ்திரி. குளியலறைக் கதவை மறித்து நின்றுகொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த கல்லைக் காட்டினேன்.

"பாருங்க மாமா, தாமரப்பூ."

"பூவப் பாத்து இன்னாடா பண்றது? சேலைய எவனாச்சும் மொகத்தப் பாத்து வாங்குவானா? திருப்பிப் பாக்கணும். பின்பக்கம் சுத்தமா இருந்தாத்தான் நெசவு."

"தரைய எப்படி மாமா திருப்பறது?"

"தர திரும்பாது. நான் திரும்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

கீழே மாமா புகையிலைக்கு நடுவில் பாயில் மல்லாந்து படுத்தார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மிச்சமிருந்த ஓட்டையில் காலை விட்டு உட்கார்ந்து, வேட்டியைப் பரப்பி வெளிச்சத்தை மறைத்தேன்.

"தேக்கு நல்லாத்தான் இருக்குது. ஒரு இழை பிசகல" என்று கீழிருந்து குரல் வந்தது. பிறகு, "இந்தம்மா இன்னாத்துக்குப்பா எனக்கு விசிறுது?" மல்லாந்து விழுந்த மனிதருக்கு மயக்கம் என்று மா டின் எண்ணி, புகையிலையை மூக்கில் வைத்துவிட்டார். மாமா ஐந்தாறு தும்மல் தும்மி முடித்து, "எங்க, நடந்து காட்டு. மண்ணு உதிருதான்னு பாக்கறேன்" என்றார்.

"நடக்க முடியாது மாமா."

"ஏன்டா?" பாயில் அவர் நகரும் சத்தம் கேட்டது. "டேய், இது யாரு காலு?"

"என்துதான் மாமா."

"காலு இங்க இருக்குது. நீ எங்க இருக்கிற?"

"மேலதான் இருக்கேன்."

நம்பாமல் எழுந்து வந்து கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் மேலே "ஆ" என்றதும் ஒத்துக்கொண்டார். பயத்தில் கால் மிதிக்கத் தொடங்கியிருந்தது. மாமா அதைக் கொஞ்சநேரம் பார்த்திருக்க வேண்டும். "எடது காலு பிந்துது பா. உங்கப்பனுக்கும் அதேதான்" என்றார்.

அவருக்கும் எழுதத் தெரியாது. ஆகவே என்னைப் பற்றிய கடிதத்தை நானே எழுத வேண்டியதாயிற்று. எழுந்தால் ஓட்டை தெரியும். தச்சருக்கு அளவு குறிக்க வைத்திருந்த காகிதமும் மைக்கூடும் கைக்கெட்டும் அலமாரியில் இருந்தன. மேலே நான் எழுத, கீழிருந்து அவர் சொன்னார்.

"மாமா, ஓட்டைய மட்டும் எழுத வேணாமே. பதினஞ்சு நாள்ல மூடிடுவாரு."

"பாத்தத மறைச்சா எம் பேச்ச அப்புறம் எவன் நம்புவான்? பொண்ணு சமாச்சாரம் பா. சொல்றது நானு, எழுதறது நீ. எழுது."

எழுதினேன். ஒரு வார்த்தை மாற்றியிருந்தால் யாருக்கும் தெரியாது. கை வரவில்லை. "அண்ணனுக்கு, கன்னியப்பன். தரைய அடியில படுத்துப் பாத்தேன். நெருக்கமா இருக்குது. ஒரே ஒரு ஓட்ட. அதுல உங்க மருமவன் உக்காந்துக்கினு இருக்கான். அவன் எழுந்தாத்தான் அது ஓட்ட." கைநாட்டுக்கு என் முழங்கால் ஓரமாக ஒரு கட்டைவிரல் மேலே வந்தது. மை தடவிக் காகிதத்தை அதன்மேல் அழுத்தினேன். தபால்காரர் இதைத் தெருவுக்குப் படிக்கப்போவதை நினைத்து அன்று சாப்பிடவில்லை.

பதினோராம் நாள் தந்தி வந்தது. தந்தி என்றால் நம்மவர்களுக்குச் சாவு. கையெழுத்தைத் தலைகீழாகப் போட்டு வாங்கினேன். மா டின்னின் பெண்கள் சுருட்டுச் சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: மருமகன் எழ வேண்டாம். பெண் கப்பலேறினாள்.

அதன்பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஆபீசு விட்டு வந்தால் நேரே இந்த ஓட்டைக்குத்தான். குளியல் தெருக்குழாயில். இந்தக் கட்டுரையையும் இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் கால் தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் மா டின் கீழே ஒரு முக்காலி வைத்திருக்கிறார். பாதங்கள் அவர் வீட்டு முக்காலியில் இருக்கின்றன. இடுப்புக்கு மேலே நம்மூர்த் தறியில் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. கீழிருந்து புகையிலை வாசனை வருகிறது. கப்பல் நாளைக் காலை. பர்வதத்துக்கு முதலில் தெரியப்போவது என் முகமா, காலா என்று சொல்ல முடியவில்லை.

இப்போதுதான் தச்சர் புது வருஷத்தை முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். கடைசிப் பலகையை இழைத்துத் தயாராகத் தோளில் வைத்திருக்கிறார். நான் வெளியேறினால்தான் அடிக்கலாம். விரலால் மேலே காட்டுகிறார், கீழே காட்டுகிறார், எந்தப் பக்கம் என்று புருவத்தால் கேட்கிறார். மா டின் கீழே முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் கையைக் காட்டியிருக்கிறேன்.