கொமுனால்னிக்கின் கோட்டுப் பை

சச்சிதானந்தன் நடக்கும்போது முகத்தைத் தூக்குவதில்லை. ஒஸ்லோவின் ரொம்சோஸ் சுரங்க ரயில் வாசலில் எதிர்ப்படுகிறவர்களின் சப்பாத்தை முதலில் பார்க்கிறார்; பிறகு அந்தச் சப்பாத்து நிற்கும் தரையை; கடைசியாகத்தான் ஆளை. பனி உறைந்து தரை கண்ணாடிபோல மின்னினால் இடக்கை கோட்டுப் பைக்குள் போகிறது. ஒரு பிடி பொடிக்கல்லை எடுத்துக் கோழிக்கு அரிசி போடுவதுபோல விசிறுகிறார். "இப்ப காலை வையுங்கோ," என்கிறார். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கல் கொம்யூனவுடையது. நோர்வேத் தமிழர் நகரசபையை அப்படித்தான் சொல்வார்கள். ஒஸ்லோ கொம்யூனவின் தெருப் பிரிவில் அவருக்குப் பதினாறு வருடம். மார்கழியில் கல் போடுவார். சித்திரையில் பனி கரைந்ததும் அதே கல்லைக் கூட்டி அள்ளுவார். "போட்டவனே பொறுக்கோணும். வேறை எந்த உத்தியோகத்திலை இந்த நீதி இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?" வீட்டில் இரண்டு சலவை மெசின்கள் கல் தின்று செத்தன. மூன்றாவது வந்த அன்றே மனைவி கிருஷ்ணகுமாரி அவருடைய காற்சட்டைப் பைகளையெல்லாம் தைத்து மூடிவிட்டாள். கோட்டுப் பை மட்டும் எப்படியோ தப்பியது.

என்ன வேலை என்று யாராவது கேட்டால்தான் வில்லங்கம். "நான் கொமுனால்னிக்," என்பார், நெஞ்சை நிமிர்த்தி.

ருஷ்யச் சொல். எண்பத்து நாலில் புலமைப்பரிசில் கிடைத்துக் கார்கிவ் நகருக்குப் பொறியியல் படிக்கப் போனவர், படிப்பை முடிக்காமலே நோர்வே வந்து சேர்ந்தார். கையோடு வந்தவை ஒரு மயிர்த்தொப்பியும் இந்தச் சொல்லும். அந்தக் காலச் சோவியத்தில் பனி தள்ளுகிறவள், குழாய் அடைப்பு எடுக்கிறவன், தெருவிளக்கு மாற்றுகிறவன் எல்லோருக்கும் அது ஒரே பெயர். குளிர்கால விடுமுறையில் அவர்களோடு சேர்ந்து இவரும் பனி தள்ளியிருக்கிறார். "கால்யா எண்டு ஒரு மனுசி, எங்கடை கூட்டத்துக்குத் தலைவி. என்ரை கையிலை பனி தள்ளுற சவலைத் தந்து, 'நீயும் இனிக் கொமுனால்னிக்' எண்டு முதுகிலை வைச்சாள் ஒரு அடி. இண்டைக்கும் மழைக்குணம் எண்டால் அந்த இடம் நோகும்."

தமிழில் அந்த வேலைக்குப் பெயர்கள் இல்லாமலில்லை. ஊரில் அவற்றை எந்தக் குரலில் சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஒஸ்லோக் கோயில் திருவிழாவில் ஊர்க்காரர் சின்னராசா பலர் கேட்க, "என்ன சச்சி, ரோட்டுக் கூட்டுறியளாம்?" என்றபோது, "கூட்டுறது வேலை. கொமுனால்னிக் ஆள்," என்று சொல்லிவிட்டுச் சின்னராசாவின் காலடியில் ஒரு பிடி விசிறிவிட்டுப் போனார்.

இந்த மாசியில் அந்தச் சொல் மகளின் கலியாணத்தில் வந்து இடறியது. துஷாராவுக்குப் பக்கத்து நகரான திராமனில் இருக்கும் றொபினைப் பிடித்துவிட்டது. றொபினின் தகப்பன் யோசேப்பு, மன்னார்க் கத்தோலிக்கர், தொலைபேசியில் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணை என்ன செய்யிறார்?"

"நான் கொமுனால்னிக்."

யோசேப்பு அவசரமாகத் தொலைபேசியை வைத்தார். அடுத்த நாள் றொபின் துஷாராவிடம் சொன்னான்: "உன்ரை அப்பா கொம்யூனிஸ்டாம்! எங்கடை அப்பா செபமாலையைக் கீழை வைக்கேல்லை. சைவக்காரர் எண்டால் ஏதோ ஒண்டைக் கும்பிடுவினம், ஒண்டையும் கும்பிடாத வீட்டிலை சம்பந்தம் வேண்டாமாம்."

வேலைக்குப் போகும் வானின் கண்ணாடியில் பிள்ளையாரைத் தொங்கவிட்டிருக்கும் மனிதரைப் பற்றிய பேச்சு இது. "அப்பா, கொம்யூனவிலை வேலை எண்டு மட்டும் சொல்லுங்கோவன்!" என்று துஷாரா அழுதாள். சச்சிதானந்தன் அன்று சோற்றைப் பிசைந்தாரே தவிர உண்ணவில்லை.

நேரில் போய்ப் பேசுவதென்று முடிவாயிற்று. ஞாயிறன்று திராமன் ரயிலில் கிருஷ்ணகுமாரி சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்தச் சொல்லை எடுத்தியளோ, அடுத்த ரெயினிலை நான் திரும்பிடுவன்."

யோசேப்புவின் வீடு மேட்டில் இருந்தது. வாசலுக்கு ஏழு மரப்படிகள், ஏழிலும் கண்ணாடிப் பனி. மேலே கதவைத் திறந்து, கைகளைக் கட்டிக்கொண்டு யோசேப்பு நின்றார். பின்னால் அவர் மனைவி அனஸ்ரேசியா, மணிக்கட்டில் கட்டோடு. சச்சிதானந்தன் சப்பாத்துகளைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார். இடக்கை பைக்குள் போயிற்று.

"ஐயோ, வேண்டாம்!" என்றாள் கிருஷ்ணகுமாரி.

முதல் பிடி விழுந்தது.

"நில்லுங்கோ, நில்லுங்கோ!" யோசேப்பு பதறினார். "என்ன வாசல்லை தூவுறியள்? ஓதின சாமானோ? கொம்யூனிஸ்டுக்கு மந்திரமும் தெரியுமோ?"

"கல்லு அண்ணை. வெறுங்கல்லு."

படிக்கு ஒரு பிடியாகப் போட்டுப் போட்டு ஏறி, யோசேப்புவின் பக்கத்தில் போய் நின்றார். அனஸ்ரேசியா செவ்வாய்க்கிழமை அந்தப் படிகளில் வழுக்கி விழுந்தவள். அந்த ஞாயிறு காலைப் பூசைக்குக்கூட இறங்கவில்லை. இப்போது கணவனை விலக்கிக்கொண்டு வந்து ஒரு காலை வைத்துப் பார்த்தாள். கல் நறநறத்தது. மறுகாலையும் வைத்தாள். ஏழு படியும் இறங்கிப்போய், கீழே கல்லாய் நின்ற கிருஷ்ணகுமாரியின் கையை நல்ல கையால் பிடித்தாள். "குளிருக்கை நிக்காமல் வாங்கோ."

யோசேப்பு கட்டிய கையைக் கட்டியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு ரெலிபோனிலை என்னவோ வேலை சொன்னனீங்கள்," என்றார் மெல்ல. "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

கீழேயிருந்து கிருஷ்ணகுமாரியின் இருமல் கேட்டது.

சச்சிதானந்தன் திரும்பிக் கீழே கிருஷ்ணகுமாரியைப் பார்த்தார். யோசேப்புவின் கட்டிய கையை அவிழ்த்து, உள்ளங்கையை விரித்து, கோட்டுப் பையை வெளியே இழுத்து உதறி, மிச்சமிருந்த கல் முழுவதையும் அதில் கொட்டினார். பிறகு ஓங்கி அவர் முதுகில் ஒரு அடி வைத்தார்.