பவர்ஹவுஸ் தண்ணீர்

பவர்ஹவுஸ் இன்ஜினியர் சார், அந்தத் தண்ணீரில் எண்ணெய் இருந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் எங்களை வாய்க்கால் வெட்டவிட்டீர்கள்.

இன்று அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கரண்டு போய், ஒரு கடையின் ஜெனரேட்டர் புகைவிட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நிற்க முடியாமல் அங்குமிங்கும் நடந்தேன். எனக்குப் பத்து வயதான வருஷம் முழுக்க இதே நாற்றம்தான். ஊருக்கு மேற்கே மில்லுக்குக் கரண்டு எடுக்க டீசல் எண்ணெயில் ஓடிய பவர்ஹவுஸ் நாள் பூராவும் தடதடக்கும். அதோடு சேர்ந்து எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும், காயப்போட்ட பருத்தியில் கரி படியும், அம்மா அதை உதறிக்கொண்டே இருப்பாள். மழையில்லாத அந்த வருஷம், இன்ஜினைக் குளிரவைத்த தண்ணீர் வீணாகப் பொட்டலில் ஓடுவதைப் பார்த்த என் அய்யா, மனசு கேட்காமல் ஊரைக் கூட்டி, குடிதண்ணீர் ஊருணிக்கு அதைத் திருப்பி வாய்க்கால் வெட்டினார். கடப்பாரை இரவல் கொடுத்தது நீங்கள்.

ஒரே மாதத்தில் ஊருணியின் மேல் எண்ணெய் ஆடை மினுமினுத்தது. குடத்தால் அதை விலக்கி விலக்கி மொண்டாலும் கம்பங்கூழ்வரை நாற்றம் வந்தது.

"என்ன கொழுந்தனாரே, குடிக்கத் தண்ணி கேட்டா வெளக்குக்கு எண்ணெ கொண்டாந்திருக்கீக?" என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அய்யா மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது பவர்ஹவுஸும் இல்லை, ஊருணியும் இல்லை; இரண்டையும் பிளாட் போட்டுவிட்டார்கள். ஊருணியைக் கெடுத்தவர் என்ற பெயர் மட்டும், செத்துப்போன அய்யாவை இன்னும் விடவில்லை. நீங்கள் மதுரையில் சௌக்கியமாக இருக்கிறீர்களாம். எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு வாருங்கள். வெட்டாதே என்று அன்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.